கிழக்குக் குடாவைக் காப்பாற்றிய அர்மாஸ்

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, காபி ஆறிக்கொண்டிருந்தபோது, அர்மாஸ் ஒரு முடிவுக்கு வந்தார். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக மனைவியை எதிர்த்து நிற்பது என்று.

நேருக்கு நேர் அல்ல. அவ்வளவு தைரியம் ஒரே காலையில் வந்துவிடாது. அவளுக்குத் தெரியாமல், அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, முழு மூச்சாக எதிர்த்து நிற்பது என்று.

மனைவி ஹெல்வி எதிரிலேயே உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா காபில மூணு தடவை சர்க்கரை போட்ட?"

அர்மாஸ் ஒரு வாய் குடித்தார். பாகு மாதிரி இருந்தது. "எனக்கு இப்பல்லாம் இப்படித்தான் பிடிக்குது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்குத் தண்டனையாகக் கோப்பை முழுவதையும் குடித்து முடித்தார்.

பின்லாந்தின் குயிக்கா ஏரிக்கரையில் அவர்களுக்கு ஒரு முகாம். ஆறு சிவப்பு மரவீடுகள், கேரவன் வண்டிகள் நிற்க ஒரு புல்வெளி, கூடாரம் போட ஒரு மேடு, ஹெல்வி வாஃபிள் சுட்டு விற்க ஒரு கடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜனம். மற்ற மாதங்களில் பனியும் அவர்கள் இருவரும்தான்.

புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருக்க ஒன்பது மாதம் கிடைக்கிறதே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் குளிர்காலத்தில் சேர்ந்திருப்பதில் என்ன பெருமை? வெளியே மைனஸ் இருபத்தைந்து. அடுப்பு ஒன்றுதான். சண்டை போட்டவர்களும் சேர்ந்துதான் இருந்தாக வேண்டும். அர்மாஸ் ஏங்கியது கோடைக்கு.

முகாமுக்குக் கிழக்கே, ஊசியிலை மரங்கள் அடர்ந்த நிலமுனை ஒன்று ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டினால் ஒரு சின்னக் குடா. கல்யாணமான வருடம் அர்மாஸ் அங்கே மரக்கட்டைகளை அடுக்கி ஒரு சவுனா கட்டினார். விறகு எரித்துக் கல்லைக் காய வைப்பது, காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றி அந்த ஆவியில் வேர்ப்பது, கதவைத் திறந்துகொண்டு ஓடி ஏரியில் விழுவது. அந்த முதல் ஜூலையில் இருவரும் தினமும் இதையே செய்தார்கள். அப்புறம் கழுத்தளவு தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு கிடையாது. நடு ஏரியில் முக்குளிப்பான் பறவை ஒன்று துணையைக் கூப்பிடும். கொஞ்சம் பொறுத்து, எங்கிருந்தோ பதில் வரும்.

மறு வருடம் முகாமைத் திறந்தார்கள். அதோடு சரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் அர்மாஸ் சவுனாவை மூட்டிவிட்டு வாஃபிள் கடை ஜன்னலுக்குப் போய், "சூடாயிடுச்சு" என்பார். "நீ போ, இதோ வரேன்" என்பாள் ஹெல்வி. அவர் போவார். அவள் கிளம்புவதற்குள் ஐந்தாம் நம்பர் வீட்டில் குழாய் ஒழுகும். யாருக்கோ கழிப்பறைக் காகிதம் தீர்ந்துபோகும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொசுவைப் பற்றிப் புகார் சொல்ல வருவார், கொசுவை ஹெல்வியே வளர்த்து ஏவிவிட்ட மாதிரி. அர்மாஸ் தனியாக வேர்ப்பார். தனியாகக் குளிப்பார். தனியாகத் துவட்டிக்கொண்டு திரும்புவார். முக்குளிப்பானுக்குப் பதில் வந்தது. அவருக்கு வரவில்லை.

இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் 'உன் பக்கத்துல உக்காரணும்போல இருக்கு' என்று சொல்வது, அர்மாஸைப் பொறுத்தவரை, இடுப்பில் துணியில்லாமல் தேவாலயத்துக்குள் நுழைவது மாதிரி. சொல்லாமலே இருந்தார். சொல்லாமலே வயதும் ஆகிவிட்டது.

இந்த நிலைமையில்தான், பிப்ரவரியில் ஒரு நாள், ஹெல்வி மேஜைமேல் ஒரு படத்தை விரித்தாள். தம்பெரெ நகரத்தில் வேலை பார்க்கும் மகள் விர்பி வரைந்து அனுப்பியது.

"பூங்கா கட்டுறோம்" என்றாள் ஹெல்வி.

"என்ன பூங்கா? மரமா இல்ல நமக்கு?"

"ஏரிப் பூங்கா. பாரு. இது தண்ணி மேல மிதக்கிற சறுக்குமரம், காத்தடிச்சு நிறுத்துறது. இது ஏறிக் குதிக்கிற கோபுரம். இது பெடல் படகு. கரையில குட்டி கோல்ஃப்."

"இதெல்லாம் யாருக்கு?"

"போன வருஷம் ஒரு பையன் வந்து, 'இங்க என்ன இருக்கு?'ன்னு கேட்டான்."

"ஏரி இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேன். 'ஏரி எங்க வீட்டுக்குப் பின்னாலயே இருக்கு'ன்னு சொல்லிட்டு அப்பாவை இழுத்துட்டுப் போயிட்டான். இது மட்டும் கட்டிட்டா, விர்பி வேலையை விட்டுட்டு இங்கயே வந்துடறேங்கிறா. புள்ளைங்களோட, புருஷனோட."

"புருஷனுமா?"

"காத்தடிக்க ஆள் வேணாமா?"

மகள் வருகிறாள் என்றதும் அர்மாஸின் மனது இளகியது. அடுத்த வார்த்தையிலேயே கெட்டியாக உறைந்தது.

"கிழக்குக் குடால போட்டுடலாம்" என்றாள் ஹெல்வி.

"கிழக்குலயா?"

"ஏன்?"

"மேற்குப் பக்கம் போடலாமே. கார் நிறுத்துற இடம் அங்கதான் இருக்கு. கடை அங்கதான் இருக்கு. கழிப்பறை அங்கதான் இருக்கு."

"மேற்குல அடி முழுக்கச் சேறு."

"கிழக்குலயும் சேறுதான்."

"கிழக்குல காலை வெயில் விழும்."

"காலைல எந்தப் புள்ள எழுந்து சறுக்கும்?"

"நம்ம புள்ளைங்க சறுக்கும்."

அர்மாஸ் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "கிழக்குலதான் மீன் முட்டை போடும்."

"மீனுக்கு ஏரி முழுக்க இடமிருக்கு" என்று ஹெல்வி படத்தைச் சுருட்டினாள். "வேற ஏதாவது காரணம் இருந்தா சொல்லு. கேட்டுக்கிறேன்."

சொல்லி, அவர் முகத்தையே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.  

"வேற ஒண்ணுமில்ல" என்றார்.

பூங்காவுக்கு முதல் தேவை மணல். சேற்றில் யார் பிள்ளையை இறக்குவார்கள்? இந்த ஏரிக்காரர்கள் மணல் போடும் விதமே தனி. கோடையில் கொட்டினால் கரையோரமே குவிந்து கிடக்கும். அதனால் குளிர்காலத்தில், ஏரி டிராக்டரைத் தாங்கும் அளவுக்கு உறைந்திருக்கும்போது, வேண்டிய இடத்தில் பனிக்கட்டியின் மேல் மணலை ஒரே சீராகப் பரப்பிவிடுவார்கள். வசந்தத்தில் பனி உருக உருக, மணல் பரப்பினது பரப்பினபடியே அடியில் போய்ப் படிந்துவிடும். எங்கே பரப்புகிறோமோ அங்கே கரை. பனி போன பிறகு யாராலும் மாற்ற முடியாது.

மணல், எதற்கென்று ஹெல்வி சொல்லாமலே, இலையுதிர் காலத்திலேயே லாரியில் வந்து கிடங்குக்குப் பின்னால் மலையாகக் கிடந்தது. பரப்ப வேண்டியவர் அர்மாஸ். அர்மாஸுக்கு முதுகு வலி.

"முதுகு எப்படி இருக்கு?" என்று ஹெல்வி தினமும் கேட்பாள்.

"நேத்தைக்கு இன்னிக்கு மோசம்."

"நேத்தும் அதையே சொன்ன."

"நேத்தும் மோசமாத்தான் இருந்துச்சு."

இப்படியே மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் ஹெல்வி தானே துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரியில் இறங்கினாள். கிழக்குக் குடாவில் பனியைத் துளைத்து, துளைக்கு ஒன்றாக ஊசியிலைக் கிளைகளை நட்டாள். கிளைகளுக்கு நடுவில் மணல் பரப்ப வேண்டும் என்று அர்த்தம். அர்மாஸ் சவுனா ஜன்னலில் நின்று பார்த்தார். தன் சவுனாவுக்கு நேர் எதிரே, அவர்கள் இருவரும் உட்கார்ந்த அதே தண்ணீருக்கு மேலே, ஒவ்வொரு கிளையாக நிமிர்ந்தது. சறுக்குமரத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள் மாதிரியே இருந்தது.

அன்றைக்கு மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை. அந்த மூன்று சர்க்கரைக் காபி.

"நான் இன்னிக்கு டவுனுக்குப் போறேன், முடி வெட்டிக்க" என்றாள் ஹெல்வி. "வர சாயங்காலம் ஆயிடும்."

"முடி வெட்டவா சாயங்காலம் வரைக்கும்?"

"நிறைய முடி."

கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள். "அடுத்த வாரம் வெயில் ஏறும்னு ரேடியோல சொன்னாங்க. அதுக்கப்புறம் ஏரில டிராக்டர் எறக்க முடியாது. முதுகைப் பாத்துக்க."

கார் சாலையில் திரும்பிய சத்தம் கேட்டது. அர்மாஸின் முதுகு குணமாகிவிட்டது.

முதலில் கிளைகளைப் பிடுங்கினார். கிழக்கில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. துளைகளைப் பனித்தூளால் மூடி, மேலே காலால் தேய்த்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். நிலமுனையைச் சுற்றிக்கொண்டு போய், மேற்கே கடைக்கு எதிரில் அதே அளவில், அதே வரிசையில் கிளைகளை நட்டார். அளவில் அவர் எப்போதுமே கறார். பித்தலாட்டம் செய்தாலும் மூலைமட்டம் சரியாக இருக்க வேண்டும்.

அப்புறம் டிராக்டர். டிரெய்லர் நிறைய மணல். கொட்டு, வாரு, பரப்பு. திரும்பிப் போய் மறுபடி நிரப்பு. எத்தனை நடை என்று எண்ணவில்லை. எதையும் எண்ணாமல் அவர் வேலை செய்தது அதுதான் முதல் தடவை. வாய் தானாக ஒரு பழைய நடனப் பாட்டை முணுமுணுத்தது. ஒவ்வொரு நடைக்கும் கிழக்குக் குடா இன்னும் கொஞ்சம் பத்திரமானது. இங்கே எத்தனை மணல் இறங்குகிறதோ, அங்கே அத்தனை அமைதி மிச்சம். ஜூலையில் ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சாயங்காலம், அவள் வந்தாலும் வரலாம். வந்தால் உட்கார ஒரு இடம் வேண்டுமே.

பாதி வேலை முடிந்திருந்தபோது, ஏரியின் மறுகரையிலிருந்து ஒரு உருவம், காலால் உந்தித் தள்ளும் சறுக்குவண்டியில் வந்து சேர்ந்தது. லெம்பி. ஹெல்வியின் பள்ளிக்கூடத்து சிநேகிதி. தனிக்கட்டை. பறவை பார்ப்பது பொழுதுபோக்கு. பறவை இல்லாத மாதங்களில் மனிதர்களைப் பார்ப்பாள்.

"அர்மாஸ்! முதுகு வலின்னு ஹெல்வி சொன்னாளே?"

"ஆமா. வலிக்குது."

"வலியோடயேவா இவ்வளவு வேகம்?"

"உக்காந்தாத்தான் வலிக்கும்."

"எனக்கும் இந்த மாதிரி ஒரு வலி வந்தா நல்லாருக்கும். வீடு துடைக்கணும்." லெம்பி கிளைகளைப் பார்த்தாள். "ஆமா, இங்கயா பூங்கா? கிழக்குலன்னு யாரோ சொன்னாங்களே."

அர்மாஸின் காது சிவந்தது. குளிரில் என்று வைத்துக்கொள்ளலாம். "இங்கதான். கிளை இங்கதானே இருக்கு?"

"கிளை இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள் லெம்பி. "கிளை பொய் சொல்லாது. ஆனா அர்மாஸ், கோவிச்சுக்காத. அந்த வலது மூலைல மணல் கொஞ்சம் பத்தல."

"எங்க பத்தல?"

"கடைப் பக்கத்து மூலை. மெலிசா இருக்கு. என் வீட்லேர்ந்து பாத்தாலே தெரியுது."

"என் வேலைல மெலிசா?" அர்மாஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு போய் மூலையில் குத்தி அளந்தார். ஒரு விரல் குறைந்தது. இந்தக் கிழவி அரை மைலுக்கு அப்பாலிருந்து இதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று யோசித்திருக்க வேண்டிய நேரம் அது. அவர் யோசிக்கவில்லை. இரண்டு டிரெய்லர் அதிகமாகக் கொட்டி, அந்த மூலையை மற்ற மூலைகள் வெட்கப்படும்படி நிரப்பினார்.

ஹெல்வி சொன்னபடி சாயங்காலம் வந்தாள். அர்மாஸ் வாசலிலேயே நின்றார்.

"முடி நல்லாருக்கு" என்றார் முந்திக்கொண்டு.

"அப்படியா?" ஹெல்வி காலையில் இருந்த அதே முடியைத் தடவிக்கொண்டாள். "ரொம்ப வெட்டல."

"மணல் போட்டாச்சு."

"யாரு போட்டா?"

"நான்தான்."

"உன் முதுகோடயா!" ஹெல்வி நெஞ்சில் கை வைத்தாள். "எங்க, காட்டு."

இருவரும் ஏரியில் இறங்கி நடந்தார்கள். பனிமேல் மஞ்சளாய், பாய் விரித்த மாதிரி, மேடு பள்ளமில்லாமல் மணல் கிடந்தது. ஹெல்வி நின்றாள். மணலைப் பார்த்தாள். கடையைப் பார்த்தாள். நிலமுனைக்கு அந்தப் பக்கம் கிழக்கைப் பார்த்தாள்.  

"கிளை இங்கதான் இருந்துச்சு" என்றார் அர்மாஸ், யாரும் கேட்காமலே.

"அப்படியா? கிழக்குல நட்டதா எனக்கு ஞாபகம்."

"ஞாபகம் பிசகுறது எல்லாருக்கும் சகஜம்" என்றார் அர்மாஸ், பெரிய மனதோடு.

"வயசாயிடுச்சு போல."

"அதெல்லாம் இல்ல. களைப்பு."

ஹெல்வி பெருமூச்சு விட்டாள். "இனிமே என்ன பண்றது? இவ்வளவு மணலையும் திரும்ப வாரவா முடியும்? சரி, இங்கயே கட்டித் தொலைப்போம்."

ஜெயித்துவிட்டார்! நாற்பத்தொரு வருடத்தில் முதல் ஜெயம். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டில் அவருக்கு மனது கேட்கவில்லை. பாவம், தன் ஞாபகத்தையே சந்தேகப்படுகிறாளே. தானே எழுந்து அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். பன்னைச் சூடாக்கிக் கொடுத்தார். கால் குளிருமே என்று கம்பளிக் காலுறை எடுத்து வந்தார். ஹெல்வி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். "என்ன இன்னிக்கு இவ்வளவு உபசாரம்?" என்று மட்டும் கேட்டாள்.

மே மாதம் பனி போனது. மேற்குக் கரையில் மணல் பார்த்துப் பார்த்துச் செய்த மாதிரி அமர்ந்திருந்தது. விர்பி வந்தாள், இரண்டு பிள்ளைகள், ஒரு புருஷன், நாலு காற்றுப் பம்புகளோடு. வரவேற்பு ஜன்னல், வாஃபிள் கடை, ஐந்தாம் நம்பர் வீட்டுக் குழாய் எல்லாமே ஒரே வாரத்தில் அவள் கைக்குப் போயின.

சறுக்குமரத்தைத் தண்ணீரில் நிறுத்தும் நாள். அது காற்றில் போய்விடாமல் இருக்க, அடியில் கான்கிரீட் கட்டைகளை இறக்கி, கட்டைக்கும் சறுக்குமரத்துக்கும் கயிறு கட்ட வேண்டும். படகில் நின்று கயிறு கட்டியது அர்மாஸ். முதல் கயிறு சரியாக இருந்தது. இரண்டாவதும் சரியாக இருந்தது. ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவருக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. கிழக்குக் குடாவின் ஆழம் அவருக்குத் தெரியும். மேற்கைப் போல் ஒன்றரை மடங்கு.

"விர்பி, இந்தக் கயிறெல்லாம் எப்ப வாங்கின?"

"ஜனவரில, அப்பா. அம்மா ஆழம் அளந்து சொன்னா. கடைக்காரங்க அதே அளவுக்கு வெட்டி, கொக்கி போட்டுக் குடுத்தாங்க. ஏன், பத்தலையா?"

"பத்துது" என்றார் அர்மாஸ். "ரொம்ப நல்லாப் பத்துது."

படகைக் கரைக்கு விட்டார். ஹெல்வி மகளுக்கு உதவியாகக் கடை வாசலில் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து நின்றதும் நிமிர்ந்தாள். முகத்தைப் பார்த்த உடனே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கயிறா?" என்றாள்.

"ஜனவரிலயே மேற்குதானா?"

"ஜனவரிலயே மேற்குதான். கார் இங்க, கடை இங்க, கழிப்பறை இங்க. கிழக்குல போட நான் என்ன பைத்தியமா?"

"அப்ப ஏன் கிழக்குன்னு சொன்ன?"

"மேற்குன்னு சொல்லியிருந்தா நீ மணல் போட்டிருப்பியா? கூலிக்கு ஆள் வை, அடுத்த வருஷம் பாத்துக்கலாம், மீன், முதுகு. கிளையைக் கிழக்குல நட்டேன். மூணு வாரத்து வலி ஒரு காலைல போயிடுச்சு. எந்த டாக்டரும் இப்படிக் குணப்படுத்தினதில்ல."

"நான் கிளையை மாத்துவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தெரிஞ்சுது? லெம்பி வீட்டு ஜன்னல்ல உக்காந்து பயந்துகிட்டேதான் பாத்தேன்."

"லெம்பி வீட்லயா? அப்ப முடி?"

"என்ன முடி? அவ பைனாகுலர்ல பாத்தா உன் மீசை நுனில ஒட்டின பனி வரைக்கும் தெரியுது. வலது மூலைல மணல் கொறைஞ்சுதே, அதுவும் தெரிஞ்சுது. போய்ச் சொல்லிட்டு வாடின்னு நான்தான் அவளை அனுப்பினேன்."

அர்மாஸ் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூலைக்கு அதிகமாகக் கொட்டிய இரண்டு டிரெய்லர் மணலும் நெஞ்சில் இறங்கின மாதிரி இருந்தது. தரையைப் பார்த்தபடி ஒன்று மட்டும் கேட்டார்.

"அப்ப, கிழக்கு?"

"கிழக்கு அப்படியே இருக்கும்" என்றாள் ஹெல்வி. குரல் தணிந்திருந்தது. "ஒரு மணலும் அங்க போகாது. விர்பி ஏன் வந்திருக்கான்னு நினைக்கிற? இந்த ஜன்னல்லேர்ந்து என்னை எறக்கி விடத்தான்."

அதன் பிறகு ஜூலை வருவதற்கு எடுத்துக்கொண்ட காலம் மாதிரி எதுவும் நீண்டதில்லை. ஜூன் மாதத்துக்கு ராத்திரியே கிடையாது. சூரியன் விழ மறுத்துக்கொண்டு வானத்திலேயே நின்றது. அர்மாஸ் சவுனாவின் பலகைகளைத் தேய்த்துக் கழுவினார். படித்துறையில் ஆடிய கட்டையை மாற்றினார். பூர்ச்ச மர விறகை ஒரே நீளத்தில் பிளந்து அடுக்கினார். மேற்குக் கரையில் பிள்ளைகள் சறுக்கிக் கத்தும் சத்தம் நிலமுனையைத் தாண்டி மெலிதாக வரும். காது கொடுத்தால் கேட்கும். கொடுக்காவிட்டால் கேட்காது.

ஜூலையில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் சவுனாவை மூட்டினார். கூப்பிடப் போகவில்லை. நாற்பது வருடம் கூப்பிட்டாயிற்று. படியில் உட்கார்ந்தார். புகை நேராக மேலே போனது. வேலையிருக்கும், வரமாட்டாள், பரவாயில்லை என்று தனக்குத்தானே முன்கூட்டியே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மரங்களுக்கு நடுவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஹெல்வி வந்தாள்.

வேர்த்தார்கள். ஓடினார்கள், ஓடினார்கள் என்பது மரியாதைக்கு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கழுத்தளவு தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். 

"இத்தனை வருஷமா கடை ஜன்னல்லேர்ந்து இந்தப் புகையைப் பாத்திருக்கேன்" என்றாள் ஹெல்வி. "வாஃபிள் கருகும். அப்பவும் புகையைத்தான் பாத்துகிட்டிருப்பேன். நான் கடையை மூடுறதுக்குள்ள புகை நின்னு போயிடும். இன்னிக்கும் நீ குளிச்சு முடிச்சுட்டன்னு நினைச்சுக்குவேன்."

"சொல்லியிருக்கலாமே."

"நீ சொன்னியா?"

அர்மாஸ் தண்ணீரையே பார்த்தார்.  தேவாலயமும் துணியும் நினைவுக்கு வந்தன. இங்கேதான் துணி ஏற்கெனவே இல்லையே, இனி என்ன வெட்கம் என்று துணிந்தார்.

"உன் பக்கத்துல உக்காரணும்போல இருந்துச்சு" என்றார்.

ஹெல்வி தண்ணீருக்கு அடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடு ஏரியில் முக்குளிப்பான் கூப்பிட்டது. இந்தத் தடவை பதில் வருகிறதா என்று அர்மாஸ் கவனிக்கவில்லை.

அப்போது படித்துறைப் பலகை கிறீச்சிட்டது. ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும், புதுத் துண்டுகளோடு, நெளிந்துகொண்டு நின்றார்கள்.

"மன்னிக்கணும்" என்றான் இளைஞன். "நாங்க சீக்கிரம் வந்துட்டோமோ?"

"இல்ல, இல்ல, சரியான நேரம்தான்" என்றாள் ஹெல்வி, தண்ணீருக்குள்ளிருந்தே வாஃபிள் கடைக் குரலில். "அந்த மரத்துக்குப் பின்னால ஒரு நிமிஷம் நில்லுங்க. நாங்க எழுந்துடறோம்."

அவர்கள் மரத்துக்குப் பின்னால் போனார்கள். அர்மாஸ் தாடை வரை தண்ணீரில் அமிழ்ந்தார்.

"யாரு இவங்க?"

"ஓலு டவுன்லேர்ந்து வந்திருக்காங்க. புதுசாக் கல்யாணம் ஆனவங்க. இன்னிக்கு ராத்திரிலேர்ந்து ஆரம்பம், முதல்ல இந்தக் குடா அவங்களுக்கு."

"அவங்களுக்கா? கிழக்கு அப்படியே இருக்கும்னு சொன்னியே!"

"அப்படியேதானே இருக்கு? அதுக்குத்தான் இத்தனை பேர் வரப் போறாங்க. 'இருவர் குடா', ஒரு வேளைக்கு ஒரு ஜோடி மட்டும். ஆகஸ்ட் வரைக்கும் இடமில்ல. சறுக்குமரத்தைவிட இதுக்குத்தான் கிராக்கி."

"எல்லா நாளுமா?" அவர் குரல் தண்ணீரில் மூழ்கப் பார்த்தது.

"புதன்கிழமை சாயங்காலம் மட்டும் யாருக்கும் குடுக்கல. யார் கேட்டாலும் குடுக்காதன்னு விர்பிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அது நமக்கு."

அர்மாஸ் சவுனாவின் புகையைத் திரும்பிப் பார்த்தார்.

"மத்த நாள்ல இதை யாரு மூட்டுறது?"

 ஹெல்வி அவர் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

இப்போது வாரத்தில் ஆறு நாள் ஊரார் காதலுக்கு விறகு பிளக்கிறார் அர்மாஸ். கல் பதமாகக் காய்ந்ததும் தானே போய், "சூடாயிடுச்சு" என்று ஜோடிகளைக் கூப்பிடுகிறார். கூப்பிட்ட உடனே எல்லோரும் வந்துவிடுகிறார்கள். ஏழாவது நாள் தனக்காக மூட்டுகிறார். வேலையில் அவருக்கு ஒரே ஒரு குறைதான். புதன்கிழமை வாரத்துக்கு ஒன்றுதான் வருகிறது.